டேப்பா, லேப்டாப்பா?



போன வருஷம் திராட்சை வெட்டு முடிஞ்சு கையில் காசு வந்ததும் அப்பா கேட்டார், "ஒண்ணுதான் வாங்க முடியும். டேப்பா, லேப்டாப்பா?" அப்போ நான் பத்தாவது. யோசிக்காமல் "டேப்" என்றேன். வாங்கியதில் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். இப்போது வாங்க நினைக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது பெரிய திரை உள்ள நடுத்தர விலை டேப். உதாரணத்துக்கு, 2023 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். 11 இஞ்ச் திரை, 7040 எம்ஏஎச் பேட்டரி, நாலு ஸ்பீக்கர். எங்கள் வீட்டில் இருப்பது வேற கம்பெனி, ஆனால் அதே அளவு.

முதலில் நல்லது. நம்ம பாடப்புத்தகம் எல்லாம் பிடிஎஃப்-ஆக இலவசமாகக் கிடைக்குது. ஆனால் மேல் வகுப்புப் புத்தகத்தில் பக்கம் ரெண்டு பத்தியாக அச்சாகி இருக்கும். அதைப் போனில் படித்தால் மேலே, கீழே, இடது, வலது என்று இழுத்தே விரல் தேயும். டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் வருது. இதயப் படத்தில் எந்தக் குழாய் எங்கே போகுதுன்னு எனக்குப் புரிந்ததே அதில்தான். இன்னொன்று, போன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போயிடும். யாவாரி கூப்பிடுவாரே! டேப் வீட்டிலேயே இருக்கும். நானும் தம்பியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்தே கல்வித் தொலைக்காட்சி வீடியோ பார்ப்போம்.

இனி குறை. கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள மாடலை வாங்கினோம். வைஃபைக்கு எங்கே போவது? அப்பா போனிலிருந்து ஹாட்ஸ்பாட். அப்பா தோட்டத்தில், டேப் வீட்டில்! ராத்திரி அவர் வந்த பிறகுதான் எல்லாத்தையும் இறக்கி வைக்கணும். விலை கூடினாலும் சிம் மாடலைப் பாருங்கள்.

அடுத்தது எழுதுவது. நான் சொன்ன ஏ9 பிளஸ்ஸில் அந்தக் கம்பெனியின் எஸ் பென் வேலை செய்யாது. அதே கம்பெனி 2020-ல் விட்ட டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியிலேயே வந்தது. அதனால் பேனா உண்டா என்று கேட்டு வாங்கணும். எடையும் 480 கிராம், கிட்டத்தட்ட அரைக் கிலோ. படுத்துக்கிட்டுப் படிக்கிறவர்கள் ஜாக்கிரதை, தூங்கினால் மூக்கில் விழும். (அனுபவம்.)

பெரிய குறை எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. பதினொண்ணாவதில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தேன். சி++ பழக நம்ம லேபில் இருக்கும் டெவ் சி++ விண்டோஸில்தான் ஓடும், டேப்பில் ஓடாது. வேறு செயலி போட்டாலும், திரையில் கீபோர்டு வந்ததும் பாதி நிரல் மறைஞ்சிடுது. தனியா கீபோர்டு வாங்கினால் அது இன்னொரு செலவு.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. 2026 ஜனவரியில் கொடுக்க ஆரம்பித்தது மடிக்கணினியைத்தான். அது சரி என்பதே என் கருத்து. படிக்க, பார்க்க டேப் போதும். எழுத, செய்ய அது போதாது. ஆறாவது முதல் பத்தாவது வரை ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் தாராளமா டேப் வாங்கலாம். மேலே கம்ப்யூட்டர் குரூப் எடுக்கப் போகிறவர்கள் பொறுங்கள்.

எங்கள் டேப் இப்போது தம்பி கையில். நான் நிரலை நோட்டில் எழுதிட்டு வந்து லேபில் தட்டிப் பார்க்கிறேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இந்தத் தாளை அவர் கண்ணில் காட்டிடாதீங்க!

- பதினோராம் வகுப்பு மாணவி