பிழை பொறுக்கும் வில்

கண்டக்குழிக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நின்று பார்த்தவர்க்கு அக்காற்றின் வலிமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய வெளியில் வில்லேந்தி நிற்பவனுக்கு உகந்தது எது? விரைந்து எய்யும் வில்லா, பிழை பொறுக்கும் வில்லா? இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

இக்காலப் போட்டிகளில் வழங்கும் 'கொம்பவுண்ட்' வில்லை ஆக்கியவர் அமெரிக்க நாட்டு மிசூரி மாநிலத்தவரான ஹொலிஸ் வில்பர் அலன். அதற்குரிய காப்புரிமையை அவர் 1969ஆம் ஆண்டில் பெற்றார். இவ்வில்லின் இரு முனைகளிலும் கப்பிகள் உண்டு. நம் கிணற்றுக் கப்பிக்கு அச்சு நடுவிலே இருக்கும். இதற்கோ அச்சு ஒருபுறம் விலகி இருக்கும். ஆதலால் நாணை இழுக்கும்போது முதலில் பளு மிகும். முழுதும் இழுத்தபின் பெரிதும் குறையும். 50 இறாத்தல் வில்லில் 80 வீதம் குறையின், தாங்கவேண்டியது 10 இறாத்தலே. அமைதியாகக் குறிபார்க்க அவகாசம் கிடைக்கின்றது. கைகளின்றிப் பிறந்த ஜம்மு காஷ்மீர் நங்கை ஷீத்தல் தேவி, இவ்வகை வில்லையே காலால் தாங்கி எய்து, 2024இல் பாரிஸ் பராலிம்பிக் போட்டியில் ராகேஷ் குமாருடன் வெண்கலப் பதக்கம் வென்றார்.

போட்டியில் இலக்கு 50 மீற்றர் தூரத்தில் நிற்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 8 சென்ரிமீற்றர். அம்பு புறப்படும் திசை ஒரு பாகையின் பத்திலொரு பங்கு பிசகினாலும், அது நடுவிலிருந்து ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் விலகித் தைக்கும். கிடைப்பது எட்டுப் புள்ளியே!

இப்பிசகைப் பெருக்குவதும் குறைப்பதும் வில்லின் அமைப்பேயாம். இழுக்காத நிலையில் பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 6 அங்குலமாயின், அம்பு நெடுந்தொலைவு நாணால் உந்தப்பட்டு விரைவு பெறும். ஆனால் அதுவரையும் கையின் அசைவு அம்பைத் தாக்கும். இடைவெளி 7 அங்குலமாயின் விரைவு சற்றுக் குறையும். அசைவின் தாக்கமும் குறையும். அவ்வாறே நெடிய வில் கையில் எளிதில் திரும்பாது. குறுகிய வில் திரும்பிவிடும்.

விரைந்த அம்பைக் காற்றுக் குறைவாகவே தள்ளுமன்றோ என்பீர்கள். மெய்தான். ஆயினும் காற்றின் போக்கைக் கொடியசைவிற் கண்டு குறியை மாற்றலாம். தன் கை எப்பொழுது பிசகும் என்பதை எவர் முன்னறிவார்?

ஆதலின் மாணவர்களே, முதல் வில்லைத் தேர்வோர் வேகத்தில் மயங்கற்க. பொறுமையுள்ள வில் பிழையை இல்லாமற் செய்வதில்லை; கற்போன் மனந்தளராது அதனைத் திருத்திக்கொள்ள இடந்தருகின்றது. நல்லாசிரியரும் அதனையன்றோ செய்கின்றனர்!