முகம் வாடும்போதே கேட்போம்

காயின் தன் தம்பியைக் கொன்றதை நாம் அறிவோம். அதற்கு முன் நடந்ததை அதிகம் சிந்திப்பதில்லை. காயினின் முகம் வாடியதைக் கண்ட கடவுள், அவனது சினத்தின் காரணத்தை முதலிலேயே கேட்கிறார். பாவம் காத்திருப்பதாக எச்சரிக்கிறார் (தொநூ 4). விசாரணைக்கு முன்பே அக்கறை வந்துவிட்டது. இன்று நம் பள்ளிகளுக்குத் தேவைப்படுவது இந்த அக்கறையே.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவரை, உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். சாதியின் பெயரால் வந்த தொல்லை தாங்காமல் அவர் சில நாள்கள் பள்ளிக்கே செல்லவில்லை. தமக்கு நேர்ந்ததைப் பள்ளியில் சொன்ன பின்னரே தாக்கப்பட்டார். நம் கத்தோலிக்கப் பள்ளிகளும் வன்முறைக்கு விலக்கல்ல. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் கொல்லப்பட்டார்.

இவற்றை முன்னறிய முடியுமா? அமெரிக்காவின் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பும் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தன. பத்தில் எட்டு நிகழ்வுகளில், தாக்கியவரின் எண்ணம் வேறு ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. பெரும்பாலும் அவர் நண்பரோ வகுப்புத் தோழரோதான். இதன் பின்னர் பல பள்ளிகளில் தலைமையாசிரியர், மனநல ஆலோசகர், காவலர் அடங்கிய குழுக்கள் உருவாயின. வர்ஜீனியா மாநிலம் 2013இல் இதைச் சட்டமாக்கியது. ஒரு மிரட்டல் கோபத்தில் வந்த வெறும் சொல்லா, உண்மையிலேயே தீங்கு செய்யும் திட்டமா என்று பகுத்தறிவதே இக்குழுவின் பணி.

நாமோ பலவேளைகளில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாணவன் வெளியேறுகிறான், அவனது கோபமும் கூடவே செல்கிறது. நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கை, பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. அதற்காகக் காத்திராமல் நம் பள்ளிகள் தொடங்கலாம். மிரட்டலைக் கேள்விப்பட்ட ஆசிரியர் யாரிடம் சொல்வது, முறையிட்ட மாணவரை அன்று மாலை யார் பத்திரமாக வீடு சேர்ப்பது என்பவற்றைப் பணியாளர் அனைவருக்கும் கற்றுத்தர வேண்டும். காவலாளிக்கும் வேன் ஓட்டுநருக்கும் இப்பயிற்சி தேவை. வகுப்பறைக்கு வெளியே நடப்பதை முதலில் காண்பவர்கள் அவர்களே.

அன்புக்குரியவர்களே, ஆபேலைக் காப்பதும் காயினைத் தடுப்பதும் ஒரே பணிதான். இரண்டு பிள்ளைகளுமே நமக்கு ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்கள் முகம் வாடும்போதே காரணம் கேட்கும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தருவாராக.