உங்க பி.எஃப் பணம்... பூட்டு யார் கையில?

"பேப்பர் போட்டாச்சு மச்சி. பி.எஃப்-ஐ எடுத்து ஒரு பைக் வாங்கிடலாம்னு இருக்கேன்!"

புதுச்சேரி சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி பக்கம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டீக்கடையில் நின்றால், இப்படி ஒரு டயலாக் எப்படியும் காதில் விழும். இனி அந்த பைக் பிளான் அவ்வளவு சுலபமா, கஷ்டமா? ரெண்டும்தான்!

2025 அக்டோபர் 13-ம் தேதி, வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு சில முடிவுகளை எடுத்தது. அன்று இரவே சோஷியல் மீடியாவில் சண்டை. "நம்ம காசை நாம எடுக்க இவங்க யாரு?" என ஒரு பக்கம், "வயசான காலத்துக்குத்தானே சொல்றாங்க" என இன்னொரு பக்கம்.

என்ன மாறுது?

பணம் எடுப்பதற்கு இருந்த 13 விதிகள் மூன்று பிரிவாகச் சுருங்குகின்றன. நோய், படிப்பு, கல்யாணம் ஆகியவை அத்தியாவசியத் தேவை. அடுத்தது வீடு. மூன்றாவது சிறப்புச் சூழல். இதில் காரணமே சொல்ல வேண்டாம். முன்பு கல்யாணத்துக்கு எடுக்க 7 வருட சர்வீஸ் வேண்டும். இனி எல்லாவற்றுக்கும் 12 மாதம் போதும். படிப்புக்கு 10 முறை, கல்யாணத்துக்கு 5 முறை வரை எடுக்கலாம். கம்பெனி போட்ட பங்கும் இதில் சேரும்.

ஆனால், 25 சதவீதம் கணக்கிலேயே இருக்க வேண்டும். வேலை போனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மிச்சத்துக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு வேலை இல்லாமல் 2 மாதம் ஆனாலே மொத்தமும் கைக்கு வந்துவிடும். பென்ஷன் பணத்துக்கான காத்திருப்பு இன்னும் நீளம்: 2 மாதம் என்பது 36 மாதமாகிறது.

ஒரு சின்னக் கணக்கு

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனியும் அதே அளவு போடும். ஆனால், அதில் சுமார் 1,250 பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும், 550 மட்டுமே பி.எஃப் கணக்கில் சேரும். ஆக மாதம் 2,350. மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 84,600 ரூபாய்.

இதைத் தொடாமல் விட்டு, இப்போதைய 8.25 சதவீத வட்டி அப்படியே நீடித்தால், 30 வருடத்தில் சுமார் 9 லட்சம். 75 சதவீதத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுமார் 2.3 லட்சம்தான். பைக்கோட உண்மையான விலை ஷோரூம் ரசீதில் இல்லை பாஸ்!

கணக்கை முடிக்கும்போது, பாதிப் பேரின் கையில் 20,000 ரூபாய்கூட இருப்பதில்லை என்பதுதான் இந்தப் பூட்டுக்கு அரசு சொல்லும் காரணம்.

அப்போ பூட்டு சரிதானா?

இங்கேதான் புதுச்சேரியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரான்ஸிலிருந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா' குடும்பங்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. அந்த பிரான்ஸில் ஓய்வு வயதை 62-லிருந்து 64 ஆக்கிய 2023 சட்டத்துக்கு எதிராக லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால், அங்கே வேலை போனவருக்குத் தனி வேலையின்மைக் காப்பீடு உண்டு. அடுத்த மாத வாடகைக்காகக் கிழவயதுக் காசை உடைக்க வேண்டியதில்லை.

நம்ம ஊர்ல? புதுச்சேரியின் பெருமையாக இருந்த ஏ.எஃப்.டி மில் 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு மூடப்பட்டது. வேலை என்பது ஒருநாள் இல்லாமல் போகலாம் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இ.எஸ்.ஐ-யில் இருப்பவர்களுக்கு 2018-ல் தொடங்கிய அடல் பீமித் திட்டத்தில், சராசரி சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள் கிடைக்கும். அதுவும் ஆயுளில் ஒருமுறைதான். சம்பளம் 21,000-ஐத் தாண்டி இ.எஸ்.ஐ-யை விட்டு வெளியே போய்விட்டால் அதுவும் இல்லை.

ஆக, ஒரே உண்டியல் ரெண்டு வேலை பார்க்கிறது: வயதான காலத்துக்கும் அதுதான், வேலை போன மாதத்துக்கும் அதுதான். 25 சதவீதத்தைப் பூட்டுவது முதல் வேலைக்கு நல்லது. ஆனால், இரண்டாவது வேலைக்கு வேறு உண்டியல் தராமல் பூட்டினால், வேலை போய் ஏழு மாதம் ஆனவர் வட்டிக்கடையில்தான் நிற்பார். பூட்டைப் பற்றிய சண்டையைவிட, அந்த இரண்டாவது உண்டியல் எங்கே என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதுவரை நாம என்ன பண்ணலாம்?

* வேலை மாறும்போது பணத்தை எடுக்காதீர்கள். அதே யு.ஏ.என் எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.
* பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் கட்டாயம். நடுவில் பென்ஷன் பணத்தை எடுத்தால் அதுவரை பார்த்த வருடங்கள் ஜீரோ. எடுப்பதற்குப் பதில் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வையுங்கள்.
* 5 வருட சர்வீஸுக்கு முன் கணக்கை முடித்தால் வரி உண்டு. தொகை 50,000 ரூபாயைத் தொட்டால், பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் அதற்கான உறுதிமொழிப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.
* மூன்று மாதச் செலவுக்கான காசைத் தனியாக ஒரு ஆர்.டி-யில் போட்டு வையுங்கள். அரசு தராத இரண்டாவது உண்டியல் இப்போதைக்கு அதுதான்.
* விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி அமலில் இருக்கிறதோ அதுதான் செல்லும். ரீல்ஸை நம்பாமல் பி.எஃப் இணையதளத்தையோ உமங் ஆப்பையோ பாருங்கள்.

பைக் வாங்குங்க, தப்பில்லை. ஆனா, 58 வயசுல அதுல பெட்ரோல் போடக் காசு இருக்குமான்னும் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வாங்குங்க!