கதை நடத்துகிறவருக்குக் கூலி

மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒருவர் மந்திரவாதியாகவும் இன்னொருவர் திருடனாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்ததிலிருந்து அது பரவிற்று. மேஜையில் ஒருவர் மட்டும் ஆட்டக்காரர் அல்ல, கதையை நடத்துகிறவர். குகைக்குள் என்ன இருக்கிறது, சத்திரக்காரன் ஏன் பொய் சொல்கிறான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாவிட்டால் பகடை இருக்கும், கதை இராது.

வீட்டில் நண்பர்களோடு ஆடினால் அதிகச் செலவில்லை. அடிப்படை விதிகளை 2014-ல் கம்பெனியே இலவசமாகக் கொடுத்தது. ஆனாலும் மகாநாடுகளுக்குப் போய் ஆடுகிறார்கள். இண்டியானாபோலிஸ் நகரில் கூடும் 'ஜென் கான்' மகாநாட்டுக்கு 2023-ல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். நுழைவுச் சீட்டு தனி. ஆட்டத்துக்குச் சீட்டு தனி. பிரயாணம், ஹோட்டல், சாப்பாடு தனி. "நாலு மணி நேரக் கற்பனைக்கு இத்தனை டாலரா?" என்று சிக்கனக்காரர்கள் அங்கலாய்க்கிறார்கள்.

அவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. வீட்டில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. 2000 முதல் 2008 வரை 'லிவிங் கிரேஹாக்' என்று ஓர் ஏற்பாடு நடந்தது. நிஜ உலகத்தின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கற்பனை உலகில் ஒரு நாட்டை ஒதுக்கினார்கள். ஓர் ஊரில் வளர்த்த பாத்திரத்தை இன்னோர் ஊர் மேஜைக்குக் கொண்டுபோகலாம். பல மேஜைகளில் நடந்ததைத் திரட்டி மேற்கொண்டு கதையை நகர்த்தினார்கள். முன்பின் தெரியாத ஆறு பேர் ஒரே கதைக்குள் குடியேறுவது சாமானியமான காரியமா? அதற்குக் காசு கொடுப்பது தகும்.

என் வழக்கு வேறு. அந்தக் காசு யாருக்குப் போகிறது?

கதையை முன்கூட்டியே படித்து, வரைபடம் போட்டு, தொண்டை வறளப் பத்துப் பாத்திரங்களின் குரலில் பேசி, சண்டைக்கார ஆட்டக்காரரையும் சமாளிப்பவருக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. நுழைவுச் சீட்டை இலவசமாகத் தருவார்கள். நிறைய ஆட்டங்கள் நடத்தினால் பலர் பங்கிடும் அறையில் ஒரு படுக்கை கிடைக்கலாம். இதற்குத் 'தொண்டு' என்று பெயர்.

1968-ல் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கைகாக்ஸ் ஒரு மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து முதல் ஜென் கானை நடத்தினார். லாபம் பார்க்க யாரும் இல்லாத இடத்தில் தொண்டுக்கு அர்த்தம் உண்டு. பிறகு நடந்ததென்ன? 1980-ல் விளையாட்டின் சொந்தக்காரர்களான டி.எஸ்.ஆர். கம்பெனியே ஆட்டக்காரர் சங்கம் அமைத்தது. 1997-ல் அந்தக் கம்பெனியை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 1999-ல் அதையும் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. இன்று நன்றாக நடக்கிற மேஜை ஒவ்வொன்றும் புதிய புத்தகத்துக்கு ஒரு விளம்பரம். விளம்பரம் எழுதுகிறவனுக்குச் சம்பளம் உண்டு. விளம்பரமாகவே நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை!

"அன்பினால் செய்கிறார்கள், காசு நுழைந்தால் அன்பு போய்விடும்" என்பார்கள். இந்த உபதேசம் கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் பழக்கமானது. காகிதக்காரனுக்கும் அச்சுக்காரனுக்கும் கொடுக்கும்போது யாரும் அன்பைப் பற்றிப் பேசுவதில்லை. கதைக்காரன் முறை வரும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

"சீட்டு விலை ஏறும், ஏழைப் பிள்ளைகள் வரமுடியாது" என்பது நியாயமான ஆட்சேபம். சற்று ஏறத்தான் செய்யும். ஆனால் இப்போது மட்டும் என்ன? கையில் பணமில்லாத பிள்ளைதான் படுக்கைக்காக நாள் முழுதும் மேஜை நடத்துகிறான், பணமுள்ளவன் ஆடுகிறான்.

சிற்றூர் நண்பர்கள் லாபமின்றிக் கூடி ஆடுவதை யாரும் தொட வேண்டாம். லாபத்துக்காக நடத்துகிறவர்களை நான் கேட்பது ஒன்றே: ஒவ்வோர் ஆட்டச் சீட்டிலும், இதில் கதை நடத்துகிறவருக்கு எவ்வளவு என்று அச்சடியுங்கள். அந்த இடத்தில் பூஜ்யம் போட உங்களுக்கே கை கூசும்.