முதுகில் குத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

2016 மார்ச் 30. கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரையோரம் ஒரு ஆண் ஓர்காவின் உடல் கிடைத்தது. வயது 20. ஆய்வாளர்கள் வைத்திருந்த பெயர் எல்95. முதுகுத் துடுப்பில் உலோகத் துண்டுகள் சிக்கியிருந்தன. ஐந்து வாரத்துக்கு முன் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்வதற்காகச் சுட்டுச் செருகிய டேக்கின் மிச்சம் அது. சுட்டவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. அந்தக் கூட்டத்தைக் காப்பாற்றச் சம்பளம் வாங்கும் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள். கூட்டத்தில் அப்போது மிஞ்சியிருந்ததே எண்பது சொச்சம்தான்.

முதல் தடவை குறி தப்பி டேக் கடலில் விழுந்திருக்கிறது. எடுத்து, ஆல்கஹாலில் மட்டும் கழுவி, மறுபடி சுட்டிருக்கிறார்கள். நடைமுறைப்படி ப்ளீச்சிலும் சுத்தம் செய்திருக்க வேண்டும். காயம் வழியே புகுந்த பூஞ்சைத் தொற்றுக்குச் சாவில் பங்குண்டு என்றது நிபுணர் குழு. இத்தனைக்கும் அந்த டேக் தகவல் அனுப்பியது எத்தனை நாள் தெரியுமா? மூன்றே நாள்!

"தொடாமல் எப்படி ஐயா ஆராய்ச்சி பண்ணுவது?" என்று கேட்பவர்கள் இதே ஓர்காக்களின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 1970 வாக்கில் அந்தக் கடலில் ஆயிரக்கணக்கில் ஓர்காக்கள் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் குட்டிகளை வலைபோட்டுப் பிடித்து நீர்க்காட்சியகங்களுக்கு விற்றார்கள். (இதற்கெல்லாம் பிறகும் 'கொலைகார' பட்டம் திமிங்கலத்துக்குத்தான்!) மைக்கேல் பிக் என்ற கனடா விஞ்ஞானி 1971இல் ஒரு காரியம் செய்தார். கலங்கரை விளக்கக் காவலர்கள், மீனவர்கள், படகுக்காரர்கள் எல்லோருக்கும் படிவம் அனுப்பி, ஒரே நாளில் கண்ணில் பட்டதை எண்ணச் சொன்னார். தேறியது 350க்கு மேல் இல்லை.

அடுத்து கேமராவை எடுத்தார். முதுகுத் துடுப்பின் வெட்டு, வடு, அதன் பின்னாலுள்ள சாம்பல் நிறத் திட்டு. இவற்றை வைத்து ஒவ்வொரு ஓர்காவையும் தனித்தனியாக அடையாளம் காணலாம் என்று காட்டினார். ஆரம்பத்தில் நம்ப ஆளில்லை. அரசு பணத்தை நிறுத்தியபோதும் சொந்த நேரத்தில் தொடர்ந்தார். ஆண் ஓர்கா எவ்வளவு வளர்ந்தாலும் சாகும்வரை அம்மாவை விட்டுப் பிரிவதில்லை என்ற விஷயம் இப்படி வருஷக்கணக்கில் சேர்த்த படங்களிலிருந்து வந்ததுதான். தொட்டியில் அடைத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

இன்னொரு ஆள் டக்கர். ஆள் என்றால் நாய், கறுப்பு லாப்ரடார் கலப்பு. படகு முனையில் நின்றுகொண்டு, தூரத்தில் மிதக்கும் ஓர்கா மலத்தை மோப்பம் பிடிக்கும். தண்ணீரில் இறங்க மட்டும் பிடிக்காது :-) வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாம் வாசர் குழு அப்படிச் சேர்த்த மலத்தில் ஹார்மோன்களை அளந்து 2017இல் வெளியிட்ட முடிவு: கண்டறியப்பட்ட கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை கலைந்துவிடுகின்றன, அதற்குப் பெரிய காரணம் சினூக் சால்மன் பஞ்சம். ஒரு ஓர்காவின் மேல்கூட ஊசி படவில்லை.

டேக்கால் பயனே இல்லை என்று சொன்னால் அது பொய். குளிர்காலப் பசிபிக்கில் படகால் பின்தொடர முடியாது. ஓர்காக்கள் அப்போது எங்கே போகின்றன என்பதை டேக்தான் காட்டியது. 2021இல் அவற்றின் பாதுகாக்கப்பட்ட வாழிடத்தைக் கலிபோர்னியா வரை நீட்டியபோது அந்தத் தகவலும் உதவியது. ஆனால் எல்95க்கு முன்பே பல டேக்குகள் வேலை செய்து முடித்திருந்தன. இன்னும் ஒன்று எதற்கு? அது தரப்போகும் புதுத் தகவல் என்ன? உறிஞ்சு கிண்ணத்தால் சில மணி நேரம் ஒட்டிக்கொண்டு தானே கழன்றுவிடும் டேக் இருக்கிறது. மேலிருந்து உடல் மெலிவை அளக்க ட்ரோன் இருக்கிறது. இவற்றால் முடியாதது எது?

எல்95 செத்த பிறகு அந்தத் துறை இந்த ஓர்காக்களுக்கு டேக் அடிப்பதை நிறுத்தியது. மறுபடி அனுமதி கேட்டு யார் வந்தாலும், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டு வரட்டும்.