யானைச் சாணமும் மாதிரிக் கட்டுரையும்



2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், கிள்ளானிலிருந்து ஒரு தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் என் முன்னாள் மாணவி. எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். "டீச்சர், நீங்கள் சொன்னால்தான் கேட்பாள். யானைக் கொட்டகையில் வேலை செய்யப் போகிறேன் என்கிறாள். சாணி அள்ளவா பதினோரு வருடம் படிக்க வைத்தேன்?" என்று ஆதங்கப்பட்டார். அவரது தந்தையும் தாயும் தோட்டத்தில் மாடு வளர்த்துச் சாணம் அள்ளியவர்கள். அந்த வாழ்க்கையிலிருந்து விடுபட்டு நகரத்திற்கு வந்த குடும்பம் அது. அவர் கோபத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

நான் செய்த பிழை வேறு. அன்று மாலையே மாணவியை அழைத்து, கணினி வகுப்பில் சேர்ந்தால் எதிர்காலத்திற்கு உதவும் என்று அறிவுரை கூறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மறுவாரம், பல்கலைக்கழகத்தில் பயிலும் அத்தை மகளோடு பகாங்கிற்குப் புறப்பட்டுவிட்டாள்.

அவள் சென்ற இடம் லஞ்சாங்கிற்கு அருகில், கிராவ் வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி அமைந்துள்ள கோல கண்டா தேசிய யானைகள் பாதுகாப்பு மையம். வனவிலங்குத் துறையாகிய பெர்ஹிலித்தான் 1989-இல் இதனைத் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1974-இல், யானைகளை இடம் மாற்றும் குழுவொன்று அமைக்கப்பட்டிருந்தது. தோட்டங்களுக்குள் நுழையும் காட்டு யானைக்கு மயக்க ஊசி செலுத்தி, பழக்கப்பட்ட யானைகளை இருபுறமும் நிறுத்தி, கனவுந்தில் ஏற்றி, தமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் கொண்டுபோய் விடுவது அக்குழுவின் பணி. அவ்வாறு விடப்பட்ட யானைகளுள் சில பழைய இடத்தை நோக்கித் திரும்பி நடந்ததும் உண்டு. யானைக்கு அது ஊர் அல்லவா?

ஊர் திரும்பிய மாணவி என்னைக் காண வந்தாள். கைகளில் கீறல்கள். கேட்டபோது, "கரும்பு வெட்டினேன், டீச்சர்" என்று சிரித்தாள். வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி உண்ணும். உண்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. ஆகையால் தன்னார்வலர் வேலையின் பெரும்பகுதி சுமப்பது, நறுக்குவது, அள்ளுவது, கழுவுவது. யானையைத் தடவிக்கொண்டு நிற்கும் நேரம் மிகக் குறைவு. படமெடுத்துக்கொள்வதற்காகவே வந்த இருவர் முதல் நாள் மதியத்திற்குமேல் தென்படவில்லையாம். யானையின் பின்புறம் நிற்கக் கூடாது, அதன் அருகில் ஓடக் கூடாது, பாகன் சொல்லாமல் எதையும் ஊட்டக் கூடாது என்பவை அவள் கற்ற முதல் பாடங்கள். சாணத்தைக் கிளறிப் பார்த்தபோது முளைவிட்ட விதை ஒன்று கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! விதைப் பரவலை நான் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன்.

பின்னர் அவள் கேட்ட ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. "டீச்சர், நாம் மனனம் செய்த வனவிலங்குக் கட்டுரையில் தோட்டம் என்ற சொல்லே இல்லையே, ஏன்?"

2019-இல் நடைபெற்ற கடைசி யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதியவள் அவள். அதற்காக நான் எழுதிக் கொடுத்த மாதிரிக் கட்டுரை அது. வனவிலங்குகள் நாட்டின் செல்வம், வேட்டையாடுவோர்க்குக் கடுந்தண்டனை, அரசாங்கமும் பொதுமக்களும் கைகோக்க வேண்டும். நான்கு பத்திகள், மூன்று மரபுத்தொடர்கள். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. கட்டுரை என் கோப்பில் அப்படியே இருக்கிறது.

தோட்டம் என்ற சொல் இல்லாததற்குக் காரணம் நானே. அந்த மையத்தில் உள்ள கன்றுகளுள் கண்ணியில் சிக்கிக் காயம்பட்டவை உண்டு. காடு துண்டானதால் கூட்டத்தையும் தாயையும் பிரிந்தவையும் உண்டு. காடு எப்படிக் குறைந்தது? முதலில் பால்மரம், பிறகு செம்பனை. நம் பாட்டன் பாட்டிமார் கூலிக்கு உழைத்தது அந்தத் தோட்டங்களில்தான். நிலம் அவர்களுடையதன்று, இலாபமும் அவர்களுடையதன்று. இளம் செம்பனையின் குருத்தைத் தேடி யானை வந்தால், தகர டின்னைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தவர்களும் அவர்களே. யானையும் பாட்டனும் ஒரே வேலியின் இருபுறமும் நின்றிருக்கிறார்கள். இந்தக் கதையைத் தமிழ்ப்பள்ளி சொல்லாவிட்டால் வேறு எந்தப் பள்ளி சொல்லும்?

2025 மே மாதம், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் கனவுந்து மோதிக் கன்று ஒன்று இறந்தது. தாய் யானை விடியும்வரை அந்த வண்டியை விட்டு நகரவில்லை. அந்தக் காணொளி புலனத்தில் வந்தபோது என் ஐந்தாம் ஆண்டு மாணவர் பலர் அழுதார்கள். உடனே அந்த மாணவியை வகுப்பிற்கு வரவழைத்தேன். ஒரு சிறுவன், "யானை உங்களை ஞாபகம் வைத்திருக்குமா, அக்கா?" என்று கேட்டான். "காட்டு யானையாக இருந்தால், மனிதர் யாரையும் ஞாபகம் வைக்காமல் இருப்பதே அதற்கு நல்லது" என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று அவர்கள் எழுதியவற்றில் எழுத்துப்பிழை மிகுதி. ஒன்றுகூட மாதிரிக் கட்டுரை போல் இல்லை.

பெற்றோர்களே, எல்லாப் பிள்ளையும் கோல கண்டாவிற்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாரம் சாணம் அள்ளியவர் விலங்கியல் வல்லுநர் ஆகிவிடப் போவதும் இல்லை. ஆனால் நம் பள்ளிச் சுற்றுலா எப்படி நடக்கிறது? 1963-இல் திறக்கப்பட்ட தேசிய விலங்குக்காட்சி சாலைக்குப் போகிறோம். வரிசையில் நடக்கிறோம், பொட்டல உணவு, குழுப்படம், திரும்புதல். பிள்ளையின் கைக்கு அங்கு வேலையே இல்லை. சென்னையில் 1988-இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஒவ்வோராண்டும் முட்டையிடும் பருவத்தில் இரவு முழுவதும் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கின்றனர். நமக்கு அவ்வளவு தொலைவு வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காடு கிள்ளானுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரை நாள் குப்பை பொறுக்கி, நண்டையும் கொக்கையும் எண்ணி எழுதி வரலாம்.

அந்தத் தந்தையாரை அண்மையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், பூக்கடை முன் கண்டேன். மகள் வனவியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறாளாம். "இன்னும் எனக்கு மனம் ஒப்பவில்லை, டீச்சர்" என்றார். பிறகு, கைத்தொலைபேசியை எடுத்து, அவள் யானைக்குக் கரும்பு நீட்டும் படத்தைக் காட்டினார். பூக்கடைக்காரருக்கும் காட்டினார்.