கை மாறினா பொம்மை செத்துப்போகுமா?

டிஸ்கி: இது நடுநிலையான கட்டுரை இல்லை. ரெண்டு பேரைத் திட்டுவதற்காகவே எழுதியது. ஒருத்தன் என் அறைத்தோழன். இன்னொருத்தர் எனக்குப் பெரியப்பா முறை. ரெண்டு பேருமே இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் அறைத்தோழன். துபாயில் வளர்ந்த பயல். அவங்க அப்பா வாங்கி வைத்திருந்த டிவிடிகளில் மப்பெட் படங்களைப் பார்த்தே சின்ன வயசு முழுக்கப் போனதாம். போன செமஸ்டர் லீவுக்கு முன்னால் நானும் அவன் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்று படம் முடிந்து நாலாவதைத் திறந்தபோது பட்டென்று மூடிவிட்டான். "1990-க்கு அப்புறம் வந்தது எதுவும் மப்பெட்டே இல்ல மச்சி. அது பொணத்துக்கு மேக்கப் போட்டு உக்கார வெச்சது."

மப்பெட் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கெர்மிட் என்று ஒரு பச்சைத் தவளை. அதைத் துரத்தித் துரத்திக் காதலிக்கும் மிஸ் பிக்கி என்ற பன்றியம்மா. கடி ஜோக்காகவே சொல்லி அடி வாங்கும் ஃபாஸி என்ற கரடி. இப்படி ஒரு பெரிய கும்பல். 1955-ல் ஜிம் ஹென்சன் என்கிற அமெரிக்கர், தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தை ரெண்டாகப் பிளந்து கண்ணாக வைத்துத் தைத்ததுதான் முதல் கெர்மிட். (அப்போது அது தவளைகூட இல்லை. பல்லி மாதிரி ஏதோ ஒன்று!) 1976-லிருந்து 1981 வரை டிவியில் 120 பகுதிகள். 1979, 1981, 1984 என்று மூன்று சினிமாக்கள். 1990 மே 16 அன்று, 53 வயதில், ஹென்சன் திடீரென்று இறந்துபோனார். கெர்மிட்டுக்குள் இருந்த கையும் குரலும் அவருடையவை. பிறகு ஸ்டீவ் விட்மயர் என்பவர் அந்தப் பொம்மையை எடுத்தார். படங்கள் தொடர்ந்து வந்தன. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை.

இதே வசனத்தை நான் துபாய்க்காரனிடம் கேட்பதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன். எங்கே? பேளுக்குறிச்சியில்!

எங்கள் பக்கத்து நோம்பிக்கு ஒரு ராத்திரி நிகழ்ச்சி வைக்கக் கூட்டம் போட்டார்கள். சேலம் பக்கத்திலிருந்து ஒரு பொம்மலாட்டக் குழு வரத் தயாராக இருந்தது. ரெண்டரை மணி நேரம் அரிச்சந்திரன், நடுவில் கோமாளி, ரெண்டு சினிமாப் பாட்டுக்குப் பொம்மை ஆட்டம். பெரியப்பா எழுந்தார். "சினிமாப் பாட்டு வெக்கிறவனெல்லாம் கூத்துக்காரனா கண்ணு? நாங்க பாத்தது கூத்து. விடிய விடிய அரிச்சந்திரன். ஆர்மோனியம் ஒண்ணு போதும். இது கூத்தே இல்ல. இது வர்றதுக்கு வராமயே இருக்கலாம்."

ரெண்டு பேருக்கும் நாற்பது வயது வித்தியாசம். ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் வாதம் அச்சு அசல் ஒன்றுதான்: நான் பார்த்ததுதான் நிஜம், அதற்குப் பின்னால் வந்தது போலி.

சரி, அந்த நிஜத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

நம்ம ஊர் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம்தான் பெரிய கதை. அதில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று ரெண்டு பேர் வருவார்கள். வால்மீகி எழுதவில்லை, கம்பன் எழுதவில்லை. ராமன் காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து அன்றைக்கு ஊரில் நடப்பதையெல்லாம் போட்டு நக்கலடிப்பார்கள். ஆட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். மான் தோல் ஆட்டுத் தோலானது, எண்ணெய் விளக்கு பல்பானது. மரப்பொம்மை ஆடும் பொம்மலாட்டத்திலும் பிள்ளையார் பூஜை முடிந்ததும் கதை ஆரம்பிக்காது. கோமாளி வருவான், ஆட்டக்காரி வருவாள், அப்புறம்தான் கதை. பெரியப்பா உருகுகிறாரே அந்த ஆர்மோனியம், அதுவே வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டி. எவரோ ஒரு பெரியப்பாவின் பெரியப்பா அன்றைக்கு அதையும் எதிர்த்திருப்பார் என்று நான் பந்தயம் கட்டுகிறேன் :-)

மப்பெட்டும் அப்படித்தான். வாரம் ஒரு புது விருந்தாளி, அன்றைய பாடகர், அன்றைய நடிகர் என்று அந்தந்த வருஷத்துச் சரக்கில் ஓடிய நிகழ்ச்சி அது. சுத்தமான, கலப்படமில்லாத பழைய மப்பெட் என்று ஒன்று இருந்ததே கிடையாது.

அடுத்தது கை. இதுதான் அறைத்தோழனின் பெரிய ஆயுதம். "ஹென்சன் கை இல்லாத கெர்மிட் வெறும் துணிடா."

டேய், எல்லாப் பொம்மையும் வெறும் துணிதான்டா! பொம்மலாட்டத்தை மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். ஆட்டுகிறவர் தலையில் கிரீடம் மாதிரி ஒரு இரும்பு வளையம். பொம்மையின் கயிறுகள் அதில் கட்டியிருக்கும். பொம்மையின் கைக்கு மட்டும் குச்சி. கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில்தான் செதுக்குவார்கள், ஆனாலும் பெரிய பொம்மை நாலரை அடி உயரம், பத்து கிலோ வரும். அவர் கழுத்தைத் திருப்பினால் சந்திரமதி திரும்புவாள். வேர்த்துக் கொட்டும். அப்பாவுக்கு வயசானால் மகன் அந்த வளையத்தை மாட்டுவான். "அப்பா ஆட்டின அரிச்சந்திரன்தான் அரிச்சந்திரன், இவன் போலி" என்று யாராவது எழுந்து போனார்களா? ஜப்பானில் புன்ராகு என்று ஒன்று. ஒரு பொம்மைக்கு மூன்று பேர். காலை ஆட்டப் பத்து வருஷம், இடது கைக்குப் பத்து வருஷம், அதற்குப் பிறகுதான் தலையையும் வலது கையையும் தொடலாம் என்பார்கள். மூத்த கலைஞரின் பெயரைக்கூட அடுத்த தலைமுறை வாங்கிக்கொள்ளும். கை மாறும் என்று தெரிந்தே வளர்ந்த கலை இது.

நம்ம ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எம்.ஜி.ஆர். வாயைத் திறந்தால் டி.எம்.எஸ். குரல்தான் வரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1969-ல் 'அடிமைப்பெண்' படத்தில் 22 வயசுப் பையன் ஒருத்தன் வந்து பாடினான். எஸ்.பி.பி. தியேட்டரை விட்டு யார் எழுந்து போனது?

இப்போது அவன் மூடிவைத்த அந்த நாலாவது படத்துக்கு வருகிறேன். 1992-ல் வந்த 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்'. லீவில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். டிக்கன்ஸ் கதை. மைக்கேல் கெய்ன்தான் கஞ்சன் ஸ்குரூஜ். சுற்றி இருப்பதெல்லாம் பொம்மை என்கிற நினைப்பே இல்லாமல், ஏதோ ஷேக்ஸ்பியர் நாடகம் மாதிரி நடிக்கிறார் மனுஷன். கெர்மிட் அவரிடம் வேலை செய்யும் ஏழைக் குமாஸ்தா. விட்மயர் கெர்மிட்டாக வந்த முதல் சினிமா இதுதான். இயக்கியவர் பிரையன் ஹென்சன், செத்துப்போனவரின் மகன்.

அதில் ஒரு காட்சி. குமாஸ்தாவின் நோஞ்சான் பிள்ளை இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஸ்குரூஜுக்குக் காட்டப்படுகிறது. கெர்மிட் வீட்டுக்கு வருகிறது. பிள்ளையைப் புதைக்கப்போகும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்கிறது. குடும்பத்தைத் தேற்றப் பார்க்கிறது. அந்தக் குரல் ஹென்சன் குரல் இல்லை, கொஞ்சம் உயர்ந்து ஒலிக்கும். அது எனக்கே தெரிந்தது. அப்பாவை இழந்த மகன் கேமராவுக்குப் பின்னால், குருவை இழந்த சிஷ்யன் கேமராவுக்குக் கீழே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இழவு வீட்டுக்காரர்களே எடுத்த இழவுக் காட்சி அது. ஹென்சனே உயிரோடு இருந்திருந்தால்கூட இந்தக் காட்சிக்கு இந்தக் கனம் வந்திருக்காது. இதைத்தான் என் நண்பன் பார்க்காமலே மேக்கப் என்கிறான்.

பின்னால் வந்த எல்லாமே நல்ல படமா என்றால், இல்லை. 1999-ல் 'மப்பெட்ஸ் ஃப்ரம் ஸ்பேஸ்' என்று ஒன்று. கான்சோ என்ன பிராணி என்று யாருக்கும் தெரியாது, அதுதான் அவன் அழகு. அந்தப் படம் அவனை வேற்றுக்கிரகவாசி என்று விளக்கிச் சப்பென்று ஆக்கிவிட்டது. திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். பொம்மலாட்டத்திலும் அப்படித்தான். மயானத்தில் சந்திரமதி பிள்ளையை மடியில் போட்டு அழுது முடிப்பதற்குள் குத்துப்பாட்டைப் போட்ட ஒரு குழுவைப் பார்த்திருக்கிறேன். பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குற்றமெல்லாம் கதை சொன்ன விதத்தில். அதைப் பார்த்துவிட்டுத் திட்டுவது ரசிகனின் உரிமை. பார்க்காமலே கதவைச் சாத்துவதை நான் ரசனை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. 2011-ல் டிஸ்னி எடுத்த 'தி மப்பெட்ஸ்' படத்தைப் பழைய ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஏனென்றால் அது பழைய நாட்களை நினைத்து அழும் படம். மூன்று வருஷம் கழித்து, 2014-ல், 'மப்பெட்ஸ் மோஸ்ட் வான்டட்' வந்தது. கெர்மிட் மாதிரியே இருக்கும் கான்ஸ்டன்டைன் என்ற திருட்டுத் தவளை கெர்மிட் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிஜ கெர்மிட் சைபீரியச் சிறையில். கும்பலில் முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை! ரசிகர்களின் இருபத்து நாலு வருஷச் சண்டையை அவர்கள் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்த படம். முந்தைய படத்தின் வசூலில் கிட்டத்தட்ட பாதிதான் வந்தது. வேடிக்கை இதோடு முடியவில்லை. அந்தப் போலித் தவளைக்குக் குரல் கொடுத்து ஆட்டியவர் மேட் வோகல். விட்மயரை நீக்கிய செய்தி 2017-ல் வெளியே வந்தபோது, நிஜ கெர்மிட்டுக்கே அடுத்த கையாக வந்தவரும் அதே மேட் வோகல்தான். உடனே ஒரு கூட்டம் கிளம்பியது: "விட்மயர்தான் நிஜ கெர்மிட், அவரைத் துரத்திவிட்டார்களே!" 1990-ல் விட்மயர் போலி, 2017-ல் விட்மயர் அசல். அட போங்கப்பா.

அமெரிக்காக்காரன் தவளைக்கு டிஸ்னி இருக்கிறது, காசு இருக்கிறது. ரசிகன் கோபித்துக்கொண்டு போனாலும் இன்னொரு கை வரும். எங்கள் நோம்பிக்கு என்ன ஆனது?

பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் விடிய விடிய அரிச்சந்திரன் இல்லையென்றால் பொம்மலாட்டமே வேண்டாம் என்று நின்றார்கள். விடிய விடிய உட்கார ஆள் வராது என்று இளவட்டம் சொன்னது. கடைசியில் பணம் இசைக்குழுவுக்குப் போனது. அரிச்சந்திரனுக்கு நடுவில் ரெண்டு சினிமாப் பாட்டு வேண்டாம் என்றவருக்கு, அரிச்சந்திரனே இல்லாமல் இருபத்தெட்டு சினிமாப் பாட்டு கிடைத்தது. மறுநாள் காலையில் ஸ்பீக்கர் சத்தத்தில் கண்ணே மூடவில்லை என்று வேறு புலம்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சின்னப் பையன் பேசலாமா என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழுக்காரருக்கு வேண்டாம் என்று போன் செய்யும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். அவர் கோபப்படவில்லை. "பழசு போட்டா ஆளு வர்றதில்லீங்க தம்பி. புதுசு போட்டா வர்ற பெரியவங்க திட்டறாங்க. நாங்க என்னத்தப் போடறது?" என்றார். மகன் ஆட்டுவானா என்று கேட்டேன். நன்றாக ஆட்டுவானாம். தலை வளையத்தில் அவரையே மிஞ்சுவானாம். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை. "மாசம் பொறந்தா சம்பளம் வருதுங்களே" என்றார். அந்த அரிச்சந்திரன் பெட்டிக்குள் படுத்திருக்கிறான்.

போனை வைக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "அடுத்த வருசம் வேணுமா வேண்டாமான்னு கொஞ்சம் முன்னாடியே சொல்லிருங்க தம்பி. பண்ணையில பையனுக்கு லீவு கேக்கணும்."

பெரியப்பா, அடுத்த நோம்பிக் கூட்டத்துக்கு நான் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன். உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன், இந்தத் தடவை பேசவும் செய்வேன். ரெண்டு சினிமாப் பாட்டில் ஒன்றை வேண்டுமானால் குறைக்கச் சொல்லலாம்.

டேய் துபாய், அந்த 1992 படம் என் பென் டிரைவில் இருக்கு. சனிக்கிழமை ராத்திரி, மெஸ் முடிஞ்சதும். பாத்துட்டு அப்புறம் திட்டு.